ஏகாம்பரம் வீட்டுப் பூட்டு

சுண்டைக்குப்பத்துக்கு டிக்கெட் கேளுங்கள். கண்டக்டர் சிரித்தால் சரியான பஸ்ஸில்தான் ஏறியிருக்கிறீர்கள். நான் பக்கத்து ஊர்க்காரன், அந்த பஸ்ஸில் தினமும் போகிறவன். அந்த ஊர்க்காரர்களை முட்டாள்கள் என்று சொல்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. அவர்கள் சொன்னதைச் செய்கிறவர்கள். சொன்னதை மட்டும் செய்கிறவர்கள். சொல்கிறவர்கள்தான் கொஞ்சம் பார்த்துச் சொல்ல வேண்டும்.

ஒருமுறை சுகாதாரத் துறை அம்மா வந்து, குடிக்கிற தண்ணீரை மூடி வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். ஊரே மூடி வைத்தது. அப்புறம் மூன்று நாள் யாரும் தண்ணீர் குடிக்கவில்லை. திறக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லையே! நாலாம் நாள் அந்த அம்மா கண்ணாடியை மறந்து வைத்துவிட்டதாக ஊருக்குத் திரும்பி வந்து திறக்கச் சொன்னதால்தான் ஊர் பிழைத்தது, இந்தக் கதையும் நடந்தது.

இந்த ஊரில் ஏகாம்பரம் என்று ஒருவன். செங்கல் சூளையில் வேலை. ஊரில் பாதிச் சுவருக்குக் கல் அறுத்தவன், ஆனால் அவன் குடியிருந்தது கீற்றுக் குடிசை. ஒரு ஐப்பசி மழையில் அந்தக் கூரை பதினோரு இடத்தில் ஒழுகியது. அவன் பெண்சாதி பூங்காவனம் பதினோரு பாத்திரத்தை எடுத்துப் பதினோரு இடத்திலும் வைத்தாள். பன்னிரண்டாவது சொட்டு தூங்கிக்கொண்டிருந்த கைக்குழந்தையின் நெற்றியில் விழுந்தது. வைக்கப் பாத்திரம் இல்லை.

பூங்காவனம் எழுந்தாள். குழந்தையைத் தோளில் போட்டாள். பதினோரு பாத்திரத்தையும் மூட்டையாகக் கட்டினாள்.

"நான் எங்கம்மா வூட்டுக்குப் போறேன். ஒழுகாத வூடா ஒண்ணு கட்டி, பூட்டு போட்டு, அந்த சாவிய எங்கையில குடு. அன்னிக்கு வரேன்."

"பாத்திரத்தையாவது வுட்டுட்டுப் போயேன்" என்றான் ஏகாம்பரம்.

"புள்ளயும் பாத்திரமும் நனையக் கூடாது" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. குழந்தைக்கு அப்போதுதான் சிரிக்கத் தெரிந்திருந்தது. அந்தச் சிரிப்பை இப்போது மாமியார் வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைக்கும்போதெல்லாம் அவன் சூளையில் நின்றபடியே அழுதான். இரண்டு பேர் அது புகை என்று நினைத்துக்கொண்டார்கள்.

அடுத்த ஆனி மாதம் அவனுக்கு அதிர்ஷ்டம் அடித்தது. குடிசைக்காரர்களுக்கு மானியத்தில் வீடு கட்டிக் கொடுக்கும் திட்டத்தில் அவன் பெயர் வந்தது. ஓவர்சியர் பரந்தாமன் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். பதினாலு ஊரைத் தனியாகப் பார்க்கிற மனிதர், எப்போதும் அரைத் தூக்கம். டீக்கடை பெஞ்சில் வீட்டின் வரைபடத்தை விரித்து, காற்றில் பறக்காமல் இருக்க அதன் மேல் டீ கிளாஸை வைத்துக்கொண்டு பேசினார்.

"இதோ பாருங்கப்பா. இது பிளான். இதுல இருக்கறது எதையும் விடக் கூடாது. இல்லாதது எதையும் சேர்க்கக் கூடாது. அப்பப்ப வந்து போட்டோ எடுப்பேன், எப்ப வருவேன்னு எனக்கே தெரியாது. பயனாளி வீட்டுக்கு முன்னாடி நிக்கணும். இது விதிமுறை, நாலு பக்கம். ஒரு பக்கத்து வேலை முடிச்சிட்டு அடுத்த பக்கத்துக்குப் போங்க."

"சாவி எப்பங்க சார்?" என்றான் ஏகாம்பரம்.

"கடைசிப் பரிசோதனையில எல்லாம் சரியா இருந்தா பூட்டும் சாவியும் நானே கொண்டாந்து குடுப்பேன். ஐப்பசி பத்தாம் தேதி கடைசி நாள். அதுக்குள்ள முடியலேன்னா ரத்து."

கிளாஸை எடுத்துக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

உடனே ஊரில் கமிட்டி கூடியது. கமிட்டி என்றால் மூன்று பேர். தாண்டவராயன் பெரியவர், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர், அதனால் தலைவர். கோதண்டம் மேஸ்திரி, கரண்டி பிடிக்கத் தெரிந்தவர். நாகப்பன், ஏகாம்பரத்தின் மச்சான். அவனுக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் யோசனை நிறைய வரும்.

"மொதல்ல பயனாளி வூட்டுக்கு முன்னாடி நிக்கணும்" என்றார் தாண்டவராயன்.

ஏகாம்பரம் எழுந்து காலி மனைக்குப் போனான். போனவன் திரும்பிப் பார்த்தான். "பெரிப்பா, வூடே இல்லியே, எது முன்னாடி?"

நியாயமான கேள்விதான். கமிட்டி சாப்பாட்டு நேரம் வரை யோசித்தது. கடைசியில் நாகப்பன், "மச்சான் எங்க நிக்கிதோ அதான் முன்பக்கம். வாசலை அந்தப் பக்கம் வெச்சிட்டா ஆச்சு" என்றான். எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று.

மனைக்குப் பக்கத்தில் ஒரே ஒரு வேப்பமரம். காலையில் ஏகாம்பரம் அதன் நிழலில் மேற்கே நின்றான். கோதண்டம் மேற்கே வாசலுக்கு இடம் விட்டுக் கல் வைத்தார். மதியத்துக்கு மேல் நிழல் நகர்ந்தது. ஏகாம்பரமும் கிழக்கே நகர்ந்தான். கோதண்டம் கல்லைப் பெயர்த்து மேற்கை அடைத்து, கிழக்கே வாசல் விட்டார். மறுநாள் காலை ஏகாம்பரம் மேற்கே நின்றான். இப்படி ஐந்து நாள் வேலை மும்முரமாக நடந்தது. சுவர் மட்டும் ஒரு விரல்கூட உயரவில்லை.

"வூட்டு வேலையில இவ்ளோ ஒழைப்பு இருக்குதுன்னு எனக்கே தெரியாது" என்று கோதண்டம் முதுகைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

ஆறாம் நாள் தாண்டவராயன் ஏகாம்பரத்தின் காலைச் சுற்றிச் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு, கையில் குடையைக் கொடுத்து, இனி அசையக் கூடாது என்று உத்தரவு போட்டார். அவனும் அசையவில்லை. சோறு அங்கேயே வந்தது. ஒதுங்கப் போக வேண்டுமென்றால் நாகப்பன் ஒரு குச்சியை நட்டு, அதில் ஏகாம்பரத்தின் சட்டையை மாட்டிவிடுவான். அப்படி ஒருமுறை போயிருந்த நேரத்தில்தான் ஓவர்சியர் வந்து, ஸ்கூட்டரை விட்டு இறங்காமலேயே படம் எடுத்துக்கொண்டு போனார். அஸ்திவாரம் முடிந்ததற்கான படத்தில் இன்றைக்கும் அந்தச் சட்டைதான் நிற்கிறது. ஆபீசில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

வாசல் ஒரே இடத்தில் நின்றதும் வேலை ஓடியது. ஜன்னல் மட்டம் வந்தது. அப்போது கோதண்டம் பிளானோடு வந்து நின்றார்.

"பெரியவரே, நடு ரூமுல இது இன்னா வட்டம்?"

எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். நடு அறையில் வட்டமாக ஒரு கோடு. பக்கத்தில் சின்னதாக இரண்டு புள்ளிகள்.

"கெணறா இருக்குமா?" என்றான் நாகப்பன்.

"வூட்டுக்குள்ள எவன்டா கெணறு வெட்டுவான்?" என்றார் கோதண்டம்.

"தண்ணிக்கு வெளிய போவ வேணாமே."

தாண்டவராயன் பிளானை வெயிலில் தூக்கிப் பிடித்தார். "பாரு, மத்த கோடெல்லாம் நீலம். இது மட்டும் காவி. முக்கியமான எடத்தைத்தான் தனிக் கலர்ல போடுவாங்க. இது எதுக்குன்னு நமக்குத் தெரியத் தேவையில்ல. இருக்கறது எதையும் வுடக் கூடாதுன்னு சார் சொல்லிட்டாரு."

ஆக, நடு அறையில் முழங்கால் உயரத்துக்கு வட்டமாகச் சுவர் எழும்பியது. பிளானில் ஒரு பக்கம் கோடு கொஞ்சம் மங்கலாக இருந்ததால், அந்தப் பக்கம் நாலு விரல் குறைத்துக் கட்டினார் கோதண்டம். பக்கத்தில் இரண்டு புள்ளிகளுக்கு இரண்டு மேடை. எல்லாவற்றுக்கும் காவி அடித்தார்கள். பார்க்க ஒரு லட்சணமாகத்தான் இருந்தது.

கதவு வந்ததும் இன்னொரு சிக்கல். பிளானில் கதவு சுவரோடு ஒட்டி இல்லை. திறந்து உள்பக்கமாக நின்றது.

"அப்ப தெறந்துதான் நிக்கணும்" என்றார் தாண்டவராயன்.

"மூடிடுச்சின்னா?"

"மூடுனா பிளான் மாறிடும்ல."

கோதண்டம் கதவைத் திறந்த நிலையில் நிறுத்தி, அடியில் மூன்று சட்டி சிமெண்டைக் கொட்டி இறுக்கினார். நாலு ஆள் சேர்ந்து தள்ளினாலும் அசையாது. ஊரில் அவ்வளவு உறுதியான கதவு வேறு எந்த வீட்டிலும் இல்லை என்று அவரே பெருமையாகச் சொல்லிக்கொண்டார்.

புரட்டாசி முடிவதற்குள் கூரைக்குக் காங்கிரீட் போட்டு, பூசி, வெள்ளையும் அடித்தாயிற்று. ஏகாம்பரம் சுண்ணாம்புக் கோட்டுக்குள் நின்றபடியே வீட்டைப் பார்த்துப் பார்த்துப் பூரித்தான். மூன்று குடம் தண்ணீரை மாடியில் ஊற்றிப் பார்த்தார்கள். கீழே ஒரு சொட்டு இறங்கவில்லை. "பூங்காவனத்துக்கு ஆள் அனுப்பு மச்சான், ஐப்பசி பத்தாம் தேதி வரச் சொல்லு, அன்னிக்குத்தான் சாவி" என்றான். நாகப்பன் ஓடிப்போய்ச் சொல்லிவிட்டு வந்தான்.

ஒன்பதாம் தேதி காலை, மூன்று பக்கத்து வேலையும் முடிந்ததால், தாண்டவராயன் நாலாம் பக்கத்தைத் திருப்பினார். படித்தார். முகம் வெளுத்தது. மறுபடி படித்தார், இந்தத் தடவை சத்தமாக.

"பயனாளியின் பெயரில் காங்கிரீட் வீடு எதுவும் இருத்தல் கூடாது. இருப்பது தெரியவந்தால் அனுமதி ரத்து செய்யப்படும்."

எல்லாரும் மெதுவாகத் திரும்பி வீட்டைப் பார்த்தார்கள். அது பளிச்சென்று, காங்கிரீட்டாக, எதிரிலேயே நின்றது.

"அய்யய்யோ" என்றான் ஏகாம்பரம். "இது தெரியாம கட்டிட்டமே!"

"வூடு இல்லாதவனுக்குத்தான் வூடு" என்று கோதண்டம் விரல்விட்டு யோசித்தார். "வூடு வந்துட்டா அவன் வூடு இருக்கறவன். வூடு இருக்கறவனுக்கு வூடு இல்ல. வூடு இல்லேன்னா மறுபடி அவனுக்கு வூடு..." இந்த இடத்தில் அவருக்குத் தலை சுற்றி, அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"இடிச்சிடலாமா?" என்றான் நாகப்பன் உற்சாகமாக.

"டேய், நாளைக்கு எம்பொண்டாட்டி வரா!" ஏகாம்பரத்துக்கு அழுகை வந்துவிட்டது. "சாவி இல்லேன்னா அவ புள்ளயத் தூக்கிக்கினு திரும்பிப் போயிடுவா. அந்தப் புள்ள என்னைப் பாத்தா யாருன்னு கேக்கும்டா!"

குழந்தைக்கு இன்னும் பேச்சு வரவில்லை என்றாலும் அவன் சொன்னதில் இருந்த துக்கம் எல்லாரையும் பிடித்துக்கொண்டது. தாண்டவராயன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு தாளை மறுபடி எடுத்து ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் பார்த்தார்.

"இரு, இரு. இருக்கறது தெரியவந்தால்னுதான் போட்டிருக்கு. தெரியக் கூடாது, அவ்ளோதான்."

பழைய குடிசையின் கீற்றெல்லாம் பின்னால் அடுக்கி வைத்திருந்தது. பொழுது சாய்வதற்குள் நாலு பக்கமும் மூங்கில் நட்டு, புது வீட்டுக்கு மேலேயும் சுற்றிலும் கீற்று வேய்ந்துவிட்டார்கள். ஓட்டைகளைக்கூட மறக்காமல் பழைய இடத்திலேயே வைத்தார்கள். தள்ளி நின்று பார்த்தால் அதே பழைய குடிசை, கொஞ்சம் சாப்பிட்டுத் தேறின மாதிரி.

பத்தாம் தேதி வானம் கறுத்திருந்தது. ஓவர்சியர் வந்து ஸ்கூட்டரை நிறுத்தினார். ஏகாம்பரம் கோட்டுக்குள் விறைப்பாக நின்றான்.

"எங்கய்யா வீடு?"

"வீடா?" என்றார் தாண்டவராயன். "அவனுக்கு ஏதுங்க சார் வீடு? பாவம், பரம ஏழை."

"மூணு போட்டோ எடுத்தனே! காங்கிரீட் போட்டீங்களே!"

"காங்கிரீட்டா? எங்க ஊர்லயா?" கோதண்டம் கையில் ஒட்டியிருந்த சிமெண்டை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

ஓவர்சியர் தன் செல்போனைப் பார்த்தார், குடிசையைப் பார்த்தார், தூக்கமில்லாத தன் மூளையைச் சந்தேகப்பட்டார். பிறகு கோபம் வந்தது. "கட்டினதைப் பிரிச்சு வித்துட்டீங்களா? ரத்து பண்ணி எழுதிடுவேன்" என்று பேனாவை எடுத்தார்.

அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் பூங்காவனம் வந்தாள். இடுப்பில் குழந்தை, தலையில் பாத்திர மூட்டை. குடிசையைப் பார்த்ததும் நின்றாள்.

"அதே கூரை" என்றாள். "அதே ஓட்டை. அதோ, என் புள்ள நெத்தியில சொட்டுன ஓட்டை. இதுக்குத்தான் ஆளு அனுப்புனியா?"

திரும்பி நடக்க ஆரம்பித்துவிட்டாள். ஏகாம்பரம் துடித்துப்போனான். ஓடிப்போய் மறிக்க வேண்டும், ஆனால் ஓவர்சியர் எதிரிலேயே நிற்கும்போது கோட்டைத் தாண்டக் கூடாது. வாயைத் திறந்தால் வீடு போய்விடும். திறக்காவிட்டால் குடும்பம் போய்விடும். இரண்டடி தூரத்துக்குள் கைகளை ஆட்டித் தவித்தான். இடுப்பிலிருந்த குழந்தை தோளுக்கு மேலாக அவனைப் பார்த்துச் சிரித்தது. யாருக்குத்தான் தாங்கும்?

"பூங்காவனம்!" என்று அலறினான். "போவாத! உள்ள வூடு இருக்குது! காங்கிரீட்டு!"

"போச்சு" என்று கமிட்டி தலையில் கை வைத்தது.

மழை பிடித்துக்கொண்டது. பூங்காவனம் குழந்தையை நனையவிடாமல் கீற்றை விலக்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். ஓவர்சியர் பின்னாலேயே நுழைந்தார். கீற்றுக்குள் பளபளவென்று வெள்ளை அடித்த வீடு. மேலே சடசடவென்று கொட்டுகிறது, உள்ளே ஒரு சொட்டு இல்லை. பூங்காவனம் பழக்க தோஷத்தில் பதினோரு பாத்திரத்தையும் பரப்பி வைத்துவிட்டுக் காத்திருந்தாள். பாத்திரங்கள் காய்ந்தே கிடந்தன. அப்போதுதான் அவள் முகத்தில் சிரிப்பு வந்தது.

இதற்குள் ஓவர்சியர் வட்டச் சுவரில் முட்டிக்கொண்டு, மேடையில் தொப்பென்று உட்கார்ந்திருந்தார்.

"யார்யா இந்தக் கண்றாவியைக் கட்டினது? பிளான்ல இல்லாததைக் கட்டினா..."

தாண்டவராயன் பணிவாகப் பிளானை நீட்டினார். ஓவர்சியர் அந்தக் காவி வட்டத்தைப் பார்த்தார். இரண்டு சொட்டுகளைப் பார்த்தார். அவருக்கு அந்த டீக்கடையும், அந்த கிளாஸும் நினைவுக்கு வந்தன. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எல்லாம் பிளான்படிதான் இருக்கு" என்றார்.

அதோடு விட்டாரா? நாலாம் பக்கத்தில் சொன்னது ஏற்கெனவே இருக்கும் வீட்டைப் பற்றி, இப்போது கட்டியதைப் பற்றி இல்லை என்று மூன்று முறை விளக்கினார். கமிட்டி மூன்று முறை தலையாட்டியது. "இவ்ளோதானா? எழுதுனவரு கொஞ்சம் பாத்து எழுதியிருக்கலாம்" என்றார் கோதண்டம். ஓவர்சியர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். கீற்றைப் பிரிக்கச் சொல்லி, மழையோடு மழையாகக் கடைசிப் படத்தை எடுத்து, பையிலிருந்து பூட்டையும் சாவியையும் ஏகாம்பரம் கையில் கொடுத்துவிட்டு, ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டு பறந்துவிட்டார்.

பூங்காவனம் உள்ளே அடுப்பு மூட்டினாள். குழந்தையை வட்டச் சுவருக்குள் விட்டாள். அது உள்ளேயே சுற்றிச் சுற்றித் தவழ்ந்தது, வெளியே வர முடியவில்லை. அடுப்புப் பக்கம் போய்விடுமே என்ற பயம் இல்லை. "எவ்ளோ யோசிச்சுப் பிளான் போட்டிருக்காங்க!" என்று பூங்காவனம் ஓவர்சியரை மனதார வாழ்த்தினாள். சோறு வெந்ததும்தான் புருஷன் இன்னும் உள்ளே வரவில்லை என்று கவனித்தாள்.

ஏகாம்பரம் வெளியே கொட்டுகிற மழையில் கோட்டுக்குள் நின்றுகொண்டிருந்தான்.

"இன்னாயா, ஒழுகாத வூட்டக் கட்டிட்டு நனைஞ்சிக்கினு நிக்கற?"

"முன்னாடி நிக்கச் சொன்னாரு. உள்ள போவச் சொல்லலியே."

பூங்காவனம் ஒரு வினாடி யோசித்தாள். அவளும் பக்கத்து மேல்சுண்டைக்குப்பத்தில் பிறந்தவள்தான், விதிமுறை தெரியும். குச்சியைக் கொண்டுவந்து நட்டு, அவன் சட்டையைக் கழற்றி அதில் மாட்டினாள். அவனை உள்ளே கூட்டிப்போய்த் தலையைத் துவட்டிச் சோறு போட்டாள். குழந்தை அவன் மூக்கைப் பிடித்து இழுத்தது. யார் என்று கேட்கவில்லை. அந்தச் சட்டை இன்றைக்கும் வாசலில் நிற்கிறது, கிழிந்தால் புதுச் சட்டை மாற்றுகிறார்கள்.

மறுநாள் ஏகாம்பரம் முறைப்படி சாவியை அவள் கையில் கொடுத்தான். பூட்டை எங்கே போடுவது? கதவு திறந்தபடியே சிமெண்டில் இறுகிக் கிடக்கிறது. கமிட்டி வந்து பார்த்தது. திறந்து நிற்கிற கதவின் நாதாங்கியிலேயே பூட்டை மாட்டிப் பூட்டினார் தாண்டவராயன். நாகப்பன் தொங்கிப் பார்த்தான், பூட்டு அசையவில்லை. பூங்காவனத்துக்குப் பரம திருப்தி. அன்றிலிருந்து அவள் வெளியே கிளம்பும்போது மறக்காமல் பூட்டிவிட்டு, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டுதான் போவாள்.

போன தை மாதம் பட்டப்பகலில் வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து ஒரு திருடன் வந்தான். வாசலில் நின்ற சட்டைக்கு ஒரு கும்பிடு போட்டான். திறந்து கிடந்த வாசல் வழியாக உள்ளே எட்டிப் பார்த்தான். பதினோரு பாத்திரமும் வட்டச் சுவர் மேல் வரிசையாக மின்னின. பிறகு கதவில் தொங்கிய பூட்டைப் பார்த்தான். இரண்டு கையாலும் பிடித்து ஆனமட்டும் இழுத்துப் பார்த்தான், அது திறக்கவில்லை. பெருமூச்சு விட்டுவிட்டு வந்த வழியே வீட்டுக்குப் போனான்.

அவனும் சுண்டைக்குப்பத்துக்காரன்தான்.